போணி ஆகாமல் வாசலைத் தாண்டிய புடவை

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. வேறொன்றுக்காகப் போன இடத்தில் கொசுறாகக் கிடைத்தது.

பூமி சூடாவதைப் பற்றி ஒரு கதை வேண்டும் என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் கேட்டார். 'இருக்கிறதே' என்றேன். இல்லை. ஆனால் நான் வளர்ந்தது காஞ்சிபுரத்துக் கடைகளில். கேட்ட சரக்கு இல்லையென்று எங்கள் குடும்பத்தில் யாரும் சொன்னதில்லை. 'உள்ளே இருக்கு, உட்காருங்க' என்று காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டு, பின்வாசல் வழியாகப் பக்கத்துக் கடைக்கு ஓடுவோம்.

ஆக, நீங்கள் இப்போது காபி குடித்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் பின்வாசலில் இருக்கிறேன்.

முதல் தொடக்கம்: 'உலை கொதித்தது. உலகமும்—'

அடித்துவிட்டேன். வார்த்தை ஜாலம் காட்டுகிறவன் கடையில் துணி இருக்காது.

இரண்டாவது: 'கடலோரத்தில் அந்த அணுமின் நிலையம், தியானத்தில் அமர்ந்த முனிவரைப் போல—'

இதுவும் வேண்டாம். கல்பாக்கத்தை நான் பேருந்து ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். பக்கத்து சீட்காரர் என் தோளில் சாய்ந்து தூங்கியதில் பாதிதான் தெரிந்தது.

மூன்றாவது: 'காந்தி ரோட்டில் கண்ணாயிரம் ஷட்டரைத் தூக்கினான்.' இது நிற்கும். கண்ணாயிரம் என் சித்தப்பா மகன், பட்டுக்கடைக்காரன். அவனிடம் ஒரு பழைய டேபிள் ஃபேன் இருந்தது. அதை ஓசியில் வாங்கத்தான் அன்று காலை போயிருந்தேன்.

2

எனக்குப் பின்னாலேயே மூன்று பேர் வந்தார்கள். பாலாஜி, முசரவாக்கத்துப் பையன், கல்பாக்கத்தில் பொறியாளர். அவனுடைய அம்மா கங்கையம்மாள், நிலத்தையும் மாட்டையும் பார்த்துக்கொள்பவர். ஜீவிதா, சின்ன காஞ்சிபுரத்துப் பெண். பெரிய கட்டடங்களில் மின்சாரம் எங்கே வீணாகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது அவள் வேலை. ஒருவன் மின்சாரம் தயாரிக்கிறான், ஒருத்தி அதைக் குறைக்கச் சொல்கிறாள். நான் கற்பனை செய்திருந்தால் இவ்வளவு பொருத்தமாகச் செய்திருக்க மாட்டேன், வெட்கமாக இருந்திருக்கும். ஒரே கல்லூரியில் படித்தவர்கள். காதல். இரண்டு வீடும் கொஞ்ச காலம் முறுக்கிக்கொண்டு, பிறகு இறங்கிவந்து, இப்போது முகூர்த்தப் பட்டு எடுக்க வந்திருக்கிறார்கள்.

மாமியாராகப் போகிறவர் முன்னால் ஜீவிதா பாலாஜியை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவாள். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

[இடையில் ஒரு விளக்கம். நாளின் முதல் விற்பனைக்குப் போணி என்று பெயர். முதலில் வந்தவர் வாங்காமல் போனால் அன்று முழுக்க வியாபாரம் படுத்துவிடும் என்பது எங்கள் தெருவின் நம்பிக்கை. அதனால் போணிக்கு வந்தவர் என்ன கேட்டாலும் கடைக்காரன் இறங்கிவருவான். விவரமானவர்கள் இதற்காகவே ஷட்டர் திறக்கும் நேரத்துக்கு வருவார்கள். இவர்கள் அப்படி வரவில்லை. வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குத் திரும்பவேண்டும் என்பது கங்கையம்மாளின் கவலை, அவ்வளவுதான்.]

3

கண்ணாயிரம் புடவைகளை விரித்தான். கங்கையம்மாள் மூன்றை ஒதுக்கினார்: முகூர்த்தத்துக்கு அரக்கு, நிச்சயத்துக்கு மாம்பழ மஞ்சள், வரவேற்புக்கு மயில்கழுத்து. ஜீவிதா அரக்கை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மெதுவாகத் திருப்பித் தள்ளினாள். ஒன்று போதும், மற்றதெல்லாம் பீரோவுக்குத்தான் கட்டிவிட வேண்டும் என்றாள்.

ஊர் என்ன சொல்லும் என்று கங்கையம்மாள் கேட்டார். சமாதானம் செய்வதாக நினைத்துக்கொண்டு பாலாஜி குறுக்கே வந்தான். எல்லா வீட்டிலும் இப்படித்தான் தீப்பிடிக்கிறது.

"புகையில்லாத கரண்ட்டு நாங்க குடுத்துக்கினு இருக்கறோம். அதையே பத்து மடங்கு ஆக்கிட்டா யாரும் எதையும் குறைக்க வேணாம். நீ ஏன் வாயக் கட்டி வயித்தக் கட்டணும்ன்ற?"

"நீங்க பத்து மடங்கு குடுத்தா நாங்க இருபது மடங்கு இழுப்போம். அப்புறம் அந்தக் கழிவு? அதை உங்க பேரனுக்குப் பேரன் உக்காந்து காவல் காக்கணும்."

"அதுக்குத்தான் பேரன் வேணும்ன்றேன்."

கண்ணாயிரம் சிரித்தான். நான் சிரித்தேன். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் கங்கையம்மாள். ஜீவிதா சிரிக்கவில்லை.

"எனக்குக் கொழந்தை வேணாம்னு உங்ககிட்ட சொல்லியிருக்கறேன். அத்தைகிட்ட நீங்க சொல்லலபோல இருக்குது."

கங்கையம்மாள் மயில்கழுத்துப் புடவையைக் கையில் வைத்திருந்தார். அதைக் கீழே வைத்தார். செருப்பு எங்கே விட்டோம் என்று பார்ப்பவரைப் போல வாசலைப் பார்த்தார்.

4

இங்கே நிறுத்துகிறேன். ஜீவிதாமேல் எனக்கு ஒரு சந்தேகம். முதல் பிரதியில் அவள் கையில் பதாகையைக் கொடுத்திருந்தேன். 'மக்கள்தொகை குறைந்தால்தான் இந்தப் பூமி—' என்று தொடங்கி ஒரு பக்கம் பேசினாள். படித்தபோது எனக்கே கொட்டாவி வந்தது. அதோடு ஒரு வியாபாரக் கேள்வியும் வந்தது: யாருடைய தொகையைக் குறைப்பது? தமிழ்நாட்டில் பிள்ளை பெறுவது எப்போதோ குறைந்துவிட்டது. கங்கையம்மாள் வீட்டில் எட்டுப் பேர் ஒரே ஃபேன் அடியில் படுத்து எழுந்தவர்கள். என் வீட்டில் நாங்கள் இரண்டு பேர், மூன்று ஏசி. தலையை எண்ணினால் நான் யோக்கியன். மீட்டரைப் பார்த்தால் அவர்தான் யோக்கியர். இதையெல்லாம் கதைக்குள் சொன்னால் கட்டுரையாகிவிடும்.

[சொல்லிவிட்டேன். மூன்று ஏசி உள்ளவனுக்கு ஓசி ஃபேன் எதற்கு என்று கேட்காதீர்கள். கொசுறு என்றால் என்னால் விடமுடியாது. பூமியின் வியாதியும் கிட்டத்தட்ட இதுதான் என்று நினைக்கிறேன்.]

பாலாஜியும் முதல் பிரதியில் விளம்பரத் தாள் போலத்தான் பேசினான். காற்றாலை, சூரியத்தகடு, ராத்திரிக்கு என்ன செய்வாய் என்றெல்லாம். அப்புறம் ஒன்று ஞாபகம் வந்தது. சண்டை நடுவில் ஜீவிதாவுக்கு வியர்த்தது. பாலாஜி பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டி, என்னுடையதாக ஆகவிருந்த அந்த டேபிள் ஃபேனை அவள் பக்கம் திருப்பிவைத்தான். மின்சாரத்தைப் பற்றி அவன் சொன்னதில் எனக்கு முழுதாகப் புரிந்தது அது ஒன்றுதான்.

5

கங்கையம்மாள் எழுந்தால் கல்யாணமும் எழுந்து போய்விடும் என்று பாலாஜிக்குத் தெரியும். போணியும் எழுந்து போய்விடும் என்று கண்ணாயிரத்துக்குத் தெரியும். கண்ணாயிரம் முந்திக்கொண்டான்.

"அம்மாடி, நீ ஒண்ணுமே வேணாம்ன்ற. தம்பி ரெண்டு புள்ளையாச்சும் கேப்பாரு. நடுவுல முடிச்சுக்கலாமே?"

"புள்ளைய இன்னா கெஜக் கணக்குலயா குடுக்கறாங்க?" என்றார் கங்கையம்மாள். ஆனால் எழவில்லை.

ஜீவிதா மேலே பார்த்தாள். அவள் தொழில் அப்படி. கடைக்கூரையில் கல்யாண மண்டபத்துக்கு ஆகும் அளவு விளக்குகள். நாலு பேருக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்டாள். கேட்டது போணிக்கு வந்தவள் அல்லவா? கண்ணாயிரம் சடசடவென்று அத்தனை சுவிட்சையும் அணைத்தான்.

அரக்குப் புடவை கறுப்பாகிவிட்டது. 'பாத்தியா' என்று ஒரு வார்த்தை பாலாஜியின் தொண்டைவரை வந்ததை நான் பார்த்தேன். விழுங்கிவிட்டான். நல்ல பையன்.

நிறம் தெரியாமல் நிற்பவரிடம் பட்டுக்கடைக்காரனின் வாய் தானாகச் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "வாசல்ல வெயில்ல வச்சுப் பாருங்க," என்றான் கண்ணாயிரம். ஜீவிதா ஒரு முனையையும் பாலாஜி ஒரு முனையையும் பிடித்துக்கொண்டு வெளியே போனார்கள். அப்புறம்தான் கண்ணாயிரத்துக்கு உறைத்தது: போணி ஆகாத புடவை வாசலைத் தாண்டிவிட்டது. கூப்பிடலாம் என்றால், போகிறவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடுவதும் ஆகாது. வாயைத் திறந்தபடி நின்றான்.

நான் ஃபேனைத் தூக்கிக்கொண்டு நிலைப்படியில் நின்றேன். எழுத்தாளன் ஒட்டுக்கேட்பது தொழில் தர்மம்.

"நீ அத்தைகிட்ட சொல்லியிருக்கணும்," என்றாள். 'நீ' வந்துவிட்டது.

"பயந்துட்டேன்."

"எனக்கும்தான் பயம். இந்த வெயிலுக்குள்ள ஒரு கொழந்தைய எப்டிப்பா கூப்புடுவேன்?"

அவன் புடவை முனையை விரலில் சுற்றிக்கொண்டான். "அந்த வெயில கொஞ்சம் எறக்கத்தான் தெனமும் வேலைக்குப் போறேன்னு நெனச்சிக்கினு இருக்கறேன். நெசமான்னு தெரியல. கொழந்தை மேல ஆசை இருக்குது, இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். அதைவிட உம்மேல—"

[இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். அவனே முடிக்கவில்லை.]

கங்கையம்மாள் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். எல்லாரும் மூச்சைப் பிடித்தோம். மகனைப் பார்த்து, "முன்னாடியே சொல்லியிருந்தா உன்ன கடிச்சா தின்னுடுவேன்?" என்றார். பிறகு ஜீவிதாவிடம், "எனக்குக் கோவமாத்தான் இருக்குது. அது ஆறட்டும். நீ நெழலுக்கு வாம்மா, மொகம் செவந்துபோச்சு."

நிழலுக்குப் போனால் நிறம் தெரியாது. ஜீவிதா நகரவில்லை. பாலாஜியும்.

கண்ணாயிரம் தாங்க முடியாமல், கையில் ஏதாவது கொடுத்துவிட்டுப் பேசுங்கள் என்று கெஞ்சினான். ஜீவிதா பையைத் துழாவி ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"எதுக்கும்மா இது முன்பணம்?"

அவள் பாலாஜியைப் பார்த்தாள். "சொல்றேண்ணா," என்றாள்.

6

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) நடுவில் முடித்துக்கொள்கிறார்கள். ஒரு புடவை, ஒரு குழந்தை. கண்ணாயிரத்துக்குப் பிடித்த முடிவு. வீட்டில் ஒரே ஒரு ஏசி. அதை எத்தனையில் வைப்பது என்பதில் மட்டும்—

(ஆ) புடவை திரும்ப உள்ளே வருகிறது. பேருந்து நிலையத்தில் இரண்டு பேருந்துகள். அவன் கிழக்கே, அவள்— இதை எழுதும்போது எனக்கே மனம் வரவில்லை. அடிக்காமல் விட்டிருக்கிறேன், நேர்மைக்காக.

(இ) கல்யாணம் நடக்கிறது, குழந்தை இல்லை. கங்கையம்மாள் பொங்கலுக்குப் பொங்கல் பேரனைப் பற்றிக் கேட்கிறார். கேட்டுவிட்டு, மருமகளுக்குப் பிடித்த கருணைக்கிழங்கை மூட்டை கட்டி அனுப்புகிறார்.

மூன்றையும் கண்ணாயிரத்திடம் படித்துக் காட்டினேன். "போணி ஆயிடுச்சில்ல, அப்புறம் இன்னா?" என்றான். ஃபேனை வேறு திருப்பிக் கேட்டான்.

ஆகவே உங்களிடம் வருகிறேன். இந்தக் கதைக்கு நீங்கள்தான் போணி; வெறுங்கையோடு அனுப்பமாட்டேன். நான் சொன்ன மூன்றும் கடைக்காரன் சொல்லும் விலை. உங்கள் விலையை நீங்கள் கேளுங்கள், எதற்கும் இறங்கிவருகிறேன். கொஞ்சம் சீக்கிரம் மட்டும் சொல்லுங்கள். புடவையின் ஒரு முனை அவள் கையில் இருக்கிறது, இன்னொன்று அவன் கையில். வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. இருவரும் இன்னும் வாசலில்தான் நிற்கிறார்கள்.