ஆட்டு யாவாரி

யோகராஜின் கடைக் கண்ணாடி மேசை மேல் கிடந்த போன் விழித்தது. கறுப்புத் திரையில் கம்பெனிப் பெயர் வெள்ளையாக வந்து நின்றது. சொர்ணத்தாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். பெயர் கொஞ்ச நேரம் நின்றது, அப்புறம் அணைந்துவிட்டது. மறுபடி வந்தது, மறுபடி அணைந்தது. நாலு நாளாக இதே கூத்துதான். தூக்கத்திலிருந்து எழுந்து பாயில் உட்கார்ந்தவன், விடிந்ததா இல்லையா என்று யோசித்து மறுபடி சாய்ந்துவிடுகிற மாதிரி அது செய்துகொண்டிருந்தது.

"எப்ப இருந்துக்கா இப்பிடி?" என்றான் யோகராஜ். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் செல்போன் ரிப்பேர்க் கடை போட்டிருக்கிறான். கல்யாணமாகாத பையன், வாய் ஓயாது.

"ஞாயித்துக்கெழம சார்சுல போட்டேன் தம்பி. காலைல பாத்தா வருது, போவுது, வருது, போவுது. உள்ள நுழைய மாட்டேங்கு."

"சாஃப்ட்வேர் போயிருக்கும். அழிச்சிட்டுப் புதுசா ஏத்தணும். நீங்க போயி ஒரு டீயக் குடிச்சிட்டு வாங்க, முடிச்சிருதேன். ஆனா உள்ள இருக்கது ஒண்ணும் மிஞ்சாது. போட்டோ, நம்பரு, வாட்ஸப்பு எல்லாம் போயிரும்."

அவன் சொல்லி முடிப்பதற்குள் சொர்ணத்தாய் போனை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். கோழிக்குஞ்சைப் பருந்திடமிருந்து காப்பாற்றுகிறவள் மாதிரி இருந்தது அவள் செய்த வேலை. யோகராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்பிடி என்னக்கா இருக்கு அதுல?"

"ஒரு நம்பரு இருக்கு."

அவன் சிம்மைக் கழற்றித் தன் போனில் போட்டுப் பார்த்தான். சிம்மில் கம்பெனிக்காரன் போட்ட நம்பர்களைத் தவிர ஒன்றுமில்லை. மற்றதெல்லாம் போனுக்குள்தான் இருக்கிறது என்றான். "வேற யார்ட்டயாவது அந்த நம்பரு இருக்கும்லா? கேட்டு வாங்கிக்கிட வேண்டியதான?"

"யார்ட்டயும் கேக்க முடியாது."

"யாரு நம்பருதான் அது?"

"ஆட்டு யாவாரி."

"ஆட்டு யாவாரியா! எட்டயபுரம் சந்தைக்குப் போனா கையப் பிடிச்சு இழுக்க ஆளு இருக்கு. இந்த யாவாரிக்குப் போயி கண்ணு கலங்குதீய?"

சொர்ணத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வெயில்தான் காரணம் என்று அவன் நினைத்துக்கொண்டால் நல்லது.

ஆட்டு யாவாரி என்பது அவள் மகள் மாரிசெல்வி. ஒரே மகள். கோவில்பட்டி ஸ்பின்னிங் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தவள், அங்கேயே வேலை பார்த்த பையனோடு போன வருஷம் திருப்பூருக்குப் போய்விட்டாள். பையன் நல்லவன்தான், ஆனால் வேறு ஆட்கள். கடம்பூருக்கு மேற்கே கரிசல் காட்டுக்குள் இருக்கும் அவர்கள் ஊரில், அந்த ஒரு காரணம் போதும். அவள் அப்பன் வெயிலுமுத்து கத்தவும் இல்லை, அரிவாளைத் தூக்கவும் இல்லை. ஆடுகளைப் பத்திக்கொண்டு போனவன் இருட்டிய பிறகும் காட்டிலேயே உட்கார்ந்திருந்தான். சொந்தக்காரர்கள்தான் விடவில்லை. மகளோடு பேச்சு இல்லை என்று கோயிலில் சத்தியம் பண்ணினால்தான் நல்லது பொல்லதுக்கு வந்து போவோம் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள்.

அந்த ஊரில் சத்தியம் என்றால் சூடம் அணைப்பது. கோயில் படியில் சூடத்தைக் கொளுத்தி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அணைத்தவன் சொல் மாறினால் வீட்டில் உயிர் தங்காது என்பது நம்பிக்கை. வெயிலுமுத்து முதலில் அணைத்தான். அப்புறம் அவள். "இனி அவகூட ஒரு சொல்லு பேச மாட்டேன், பேசுனா எங்க வீட்டு ஆம்பளைக்கு ஆகாது" என்று ஊர்ச்சனம் சொல்லிக் கொடுத்ததைச் சொல்லிக் கையை வைத்தாள். கை சுட்டது அன்றைக்கே ஆறிவிட்டது.

இரண்டு மாசம் கழித்து ஒரு நாள், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தாள். "அம்மா" என்றது குரல். சொர்ணத்தாய்க்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வெயிலுமுத்து வெளியே தொழுவத்தில் இருமினான். புருஷன் உயிரை நினைத்து, பிள்ளையின் குரலைக் கட் பண்ணினாள். பிற்பாடு மாரிசெல்வி கூப்பிடவே இல்லை. சத்தியம் பண்ணிய கதை யார் மூலமாகவோ அவள் காதுக்குப் போயிருக்க வேண்டும்.

அந்த நம்பரை வேலைக் கூட்டாளி வள்ளிமயிலைக் கொண்டு போனில் ஏற்றியபோது, என்ன பேர் போட என்று அவள் கேட்டாள். சொர்ணத்தாய் வாயில் சட்டென்று வந்தது ஆட்டு யாவாரி. புத்தியைப் பாருங்கள், ஆடு வளர்க்கிறவன் வீட்டுப் போனில் ஒளித்து வைக்க வேறு பேரா கிடைக்கவில்லை? ஒரு நாள் வெயிலுமுத்து போனை நோண்டிக்கொண்டிருந்தவன், "இது எந்த யாவாரிட்டி? கெடாய்க்கு வெல கேப்பமா?" என்றான். பதறிப்போய், "அந்தாளு செத்துட்டாரு" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் யாரைச் சொன்னோம் என்று உறைத்தது. அடுப்படிக்குள் போய் வாயிலேயே அடித்துக்கொண்டு, மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

பேர் ஏற்றிய மறுநாளே போனில் ஒரு அதிசயம் நடந்தது. வாட்ஸப்பில் ஆட்டு யாவாரி ஸ்டேட்டஸ் போட்டிருந்தான். திறந்தால் ஒரு சின்னக் கோலம், சிமெண்டு வாசலில். மறுநாள் ஒரு சட்டி நிறையப் புளிக்குழம்பு. இன்னொரு நாள் மொட்டைமாடிக் கொடியில் காயும் சேலை, அம்மா எடுத்துக் கொடுத்த சேலை. ஒரு எழுத்துகூட எழுதியிருக்காது. ஒரு நாள் இருக்கும், மறுநாள் தானாக மறைந்துவிடும். இங்கே பார்த்தால் பார்த்தவள் பேர் அந்தப் பக்கம் தெரியும் என்று வள்ளிமயில் சொன்னாள். அது போதாதா? மகள் காட்டினாள், அம்மா பார்த்தாள். பேசக் கூடாது என்றுதானே சூடம் அணைத்தது, பார்க்கக் கூடாது என்று எந்தச் சாமியும் கேட்கவில்லை.

போன மாசம் ஒரு படம் வந்தது. இரண்டு கைகள், முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். வேறொன்றுமில்லை. சொர்ணத்தாய்க்கு விளங்கிவிட்டது. பெற்றவள் போய் முதல் வளையலை மாட்டிவிட வேண்டிய கைகள். யார் மாட்டிவிட்டார்களோ, யார் சோறு கிண்டினார்களோ. அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறைந்து போகும்வரை அந்தப் படத்தைத் திறந்து திறந்து பார்த்தாள். இப்போது மாசம் நெருங்கியிருக்கும். இந்த நேரத்திலா போன் படுக்க வேண்டும்?

இன்று காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வெயிலுமுத்து தொழுவத்தில் குட்டிக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தான். அவள் பக்கம் திரும்பாமலே, "நல்ல கடையாப் பாத்துக் குடு. நம்பரு கிம்பரு போயிராமப் பாக்கச் சொல்லு, யாவாரி நம்பரு கெடக்கும்லா" என்றான். அவளும் அவசரத்தில் சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

"அழிக்காம ஏதாவது பாருங்க தம்பி. ஒங்க அக்காவா நெனச்சுப் பாருங்க" என்று போனை மறுபடி மேசையில் வைத்தாள்.

யோகராஜ் தலையைச் சொறிந்துகொண்டு போனின் உறையைக் கழற்றினான். உள்ளேயிருந்து நாலைந்து எறும்புகள் வெளியே வந்து ஆளுக்கொரு திசையில் ஓடின. அவன் போனை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"கருப்பட்டி வாசமா வருது... இல்ல, வெல்லம். கடல மிட்டாய்லயா வேலை?"

"ஆமா. பாகு பதத்துல கடலையத் தட்டி, பரத்தி விடுத வேல."

"பக்கத்துல என்ன இது மஞ்சளா?"

சொர்ணத்தாய்க்கு வெட்கமாகிவிட்டது. "எறும்பா ஏறுச்சு தம்பி. அதான் கொஞ்சம் மஞ்சப்பொடியத் தூவுனேன்."

யோகராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "போனுக்கு மஞ்ச தேச்சுக் குளிப்பாட்டிருக்கீய! பூவு வைக்கலயாக்கா?" சிரித்துக்கொண்டே ஊசி முனையால் ஓரத்துப் பட்டனை நெம்பிப் பார்த்தவன் முகம் மாறியது. "அட, இதான் சங்கதி. ஆன் பண்ணுத பட்டன் உள்ள போயி ஒட்டிக்கெடக்கு. பாகும் மஞ்சளும் சேந்து சிமெண்டு மாதிரி பிடிச்சிருக்கு. யாரோ விடாம அமுக்கிக்கிட்டே இருக்கதா இது நெனைக்குது. அதான் எந்திரிச்சதும் அணையுது."

"அப்ப அழிக்க வேண்டாமா?"

"பட்டன் வெளிய வந்துட்டா வேண்டாம். பாப்போம்."

அவன் பின்மூடியைச் சூடு காட்டிக் கழற்றினான். பழைய டூத்பிரஷைத் தின்னரில் தொட்டுத் தேய்த்தான். மஞ்சளும் பழுப்புமாக அழுக்கு இறங்கியது. சொர்ணத்தாய் தன் கையைப் பார்த்தாள். மிட்டாய்க் கம்பெனியில் போன் பார்க்கக் கூடாது. இடுப்பில் ஒளித்து வைத்துக்கொண்டு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் குழாயடிக்குப் போவாள். கையைக் கழுவுகிற வரைக்கும் பொறுக்காது. பாகு பிசுபிசுக்கிற விரலோடு பட்டனை அமுக்கிப் பார்ப்பாள், ஸ்டேட்டஸ் வந்திருக்கிறதா என்று. இல்லையென்றால் கொஞ்ச நேரத்தில் மறுபடி தாகம் எடுக்கும். பார்த்துப் பார்த்தே அவள்தான் பார்க்க முடியாமல் செய்துகொண்டாள்.

"பட்டன்ல இருந்த கோடே அழிஞ்சு போச்சு. ஒரு நாளைக்கு எத்தன தடவக்கா அமுக்குவீய?" என்று கேட்ட யோகராஜ் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். அதற்கு மேல் கேலி பண்ணவில்லை.

'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பட்டன் வெளியே வந்திருந்தது. அவன் ஒரு தடவை அமுக்கிவிட்டு போனை அவள் பக்கம் தள்ளினான். கம்பெனிப் பெயர் வந்தது, நின்றது. சொர்ணத்தாய் குலசாமியைக் கூப்பிட்டாள். பெயர் மறைந்தது. அவ்வளவுதான் என்று நினைத்தபோது திரை வெளிச்சமாகி, அவர்கள் வீட்டுச் செம்மறிக் குட்டியின் படம் வந்து நின்றது.

காசைக் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். நிழலாக ஒரு தூணோரம் பார்த்து நின்று, முந்தானையில் கையை நன்றாகத் துடைத்துவிட்டு, வாட்ஸப்பைத் திறந்தாள். ஆட்டு யாவாரி பேர் இருந்தது. பச்சை வட்டமும் இருந்தது. தொட்டாள்.

இந்தத் தடவை படம் இல்லை. வெறும் நீலத்தில் எழுத்து. எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

'அம்மா, இருக்கியா?'

தூணைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை மாசம் ஒரு எழுத்து எழுதாதவள் எழுதியிருக்கிறாள். தினமும் வந்து பார்க்கிற பேர் நாலு நாளாக வரவில்லையே என்று, வயிற்றுப் பிள்ளையோடு, ராத்திரியெல்லாம் என்னவெல்லாம் நினைத்தாளோ. இருக்கேன்டி, இருக்கேன்டி என் தங்கம் என்று சொர்ணத்தாய்க்குள் கிடந்து துடித்தது. பார்த்தது அங்கே தெரிந்திருக்கும். ஆனால் இன்றைக்குப் பார்த்தது மட்டும் போதவில்லை.

கூப்பிடுகிற பொத்தான் மேல் விரல் போனது, பயந்து திரும்பியது. புருஷன் முகம் வந்தது. காலையில் குட்டிக்குக் கயிறு மாற்றியபடி, திரும்பாமல் அவன் சொன்னது வந்தது. யாவாரி நம்பரு கெடக்கும்லா. அந்த யாவாரிதான் செத்துவிட்டான் என்று அவள் சொல்லியிருந்தாளே? செத்தவன் நம்பர் அந்த மனுஷனுக்கு எதற்கு? சாயங்காலமானால் செம்மறிப் படம் பார்க்கிறேன் என்று போனை வாங்கிக்கொண்டு தொழுவத்துப் பக்கம் போவானே, அங்கே அவன் எதைப் பார்த்துக்கொண்டிருந்தான்?

சொர்ணத்தாய் பொத்தானை அமுக்கினாள்.

மணி ஒரு தடவைகூட முழுசாக அடிக்கவில்லை. "அம்மா?" என்றது குரல்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒரு சொல்லும் பேசக் கூடாது. பேசவில்லை. மூச்சுத்தான் பெரிதாக வந்தது.

"அம்மா, நீதானா? பேசாத. நீ பேச வேண்டாம், எனக்குத் தெரியும். சும்மா இரு, அது போதும்." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிருக்காவம்மா" என்றது.

சொர்ணத்தாய் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் சும்மா நின்றால் எது வெளியே வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அப்போது பக்கத்தில் நின்ற பஸ்ஸின் கண்டக்டர் படியில் தொற்றிக்கொண்டு, "கடம்பூர்... கடம்பூர்... கடம்பூர் ஏறு" என்று கூவினான்.

போனுக்குள் மகள் மூச்சு சட்டென்று நின்றது. "அம்மா, அது நம்ம பஸ்ஸா?"

சொர்ணத்தாய் போனைக் காதிலிருந்து எடுத்து, கையை எட்டுமட்டும் நீட்டி, கண்டக்டர் பக்கம் பிடித்தாள். பஸ் உறுமிக்கொண்டு மெல்ல நகர்ந்தது.

"யக்கா, ஏறுதீயளா, இல்லையா?" என்றான் கண்டக்டர்.

அவள் கையைக் கீழே இறக்கவில்லை. இன்னொரு தடவை என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அவனுக்கு என்ன விளங்கியதோ, நீட்டிய போனையும் அழுகிற பொம்பளையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாய்க்குக் கொண்டுபோன விசிலை இறக்கினான். அந்த போனைப் பார்த்துக்கொண்டே, முன்னைவிடச் சத்தமாக, "கடம்பூர்... கடம்பூர்..." என்று கூப்பிட்டான்.