கேலனின் பெயரைச் சொல்ல வேண்டாம்

எங்கள் அம்மாவுக்கு இரண்டு குரல் உண்டு. ஒன்று வீட்டுக் குரல், இன்னொன்று மைக் குரல். ஹாலோவே உயர்நிலைப் பள்ளி அலுவலகத்தில் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை மாலையானால் கூடைப்பந்து ஆட்டம் நடக்கும் பள்ளி ஜிம்மில் மைக்குக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள். யார் வீட்டுப் பையன் களத்தில் இறங்கினாலும் அவன் பெயரை அம்மா இழுத்துச் சொன்னால் கூரை அதிரும். அந்தப் பையன் அன்று ஒரு பந்துகூடப் போட்டிருக்க மாட்டான். இருந்தாலும் எங்கள் அம்மா வெர்னெல் ப்ரூவிட் தன் பெயரைச் சொன்ன அழகை அவன் கிழவனாகும் வரை பேசிக்கொண்டிருப்பான். அமெரிக்காவில் எங்கள் இண்டியானா மாநிலத்தில் கூடைப்பந்து என்றால் அப்படித்தான்.

ஒரே ஒரு பெயரைத்தான் அவள் அப்படிச் சொன்னதில்லை. என் தம்பி கேலன் பள்ளிப் படிப்பு முடியும் வரை அந்த ஜிம்மில் ஆடினான். "அடுத்து, கேலன் ப்ரூவிட்" என்பாள். வெளியே யாரோ கார் விளக்கை அணைக்காமல் வந்துவிட்டார்கள் என்று அறிவிப்பாளே, அதே குரல். மைக் கையில் இருக்கிற தைரியத்தில் சொந்தப் பிள்ளையைத் தூக்கிவைக்கிறாள் என்று யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதாம். எனக்கு அதில் பொல்லாத கோபம். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"அவன் பேரை உரக்கச் சொல்ல வேற ஆளு வருவாங்க, லட்ரீஸ்," என்றாள். "டிவில சொல்வாங்க. அன்னிக்கு நான் காலை நீட்டி உக்காந்து கேப்பேன்."

அந்த நாள் வந்தேவிட்டது என்று நாங்கள் நம்பினோம். தொழில்முறை லீக் அணிகள் முறைவைத்துக் கல்லூரிப் பையன்களைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும் டிராஃப்டின் இரண்டாம் நாள் மாலை. பெரிய கல்லூரிகளின் நெட்டைப் பையன்களை முந்தைய நாளே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கேலன் ஆறடிக்கு ஓர் அங்குலம் அதிகம். மளிகைக் கடையில் மேல்தட்டு டப்பாவை எடுத்துத் தர அது போதும். அந்த லீக்கில் அவன் குள்ளன். பெயர் தெரியாத ஒரு கல்லூரிக்கு ஆடியவன் வேறு. ஆனால் பந்தை எவனுக்கு எப்போது கொடுக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்த மாதிரி யாருக்கும் தெரியாது. இரண்டாம் சுற்றின் வால் பகுதியில் அவன் பெயர் வரலாம் என்று பத்திரிகைகள் எழுதியிருந்தன. எங்கள் ஊருக்கு அந்த 'லாம்' போதும். சர்ச் கூடத்தில் பெரிய டிவி வைத்தாகிவிட்டது. பொரித்த கோழி, சீஸ் போட்ட மக்ரோனி, ஜாடி ஜாடியாக இனிப்புத் தேநீர். நீலக் கிரீமில் 'வாழ்த்துகள் கேலன்' என்று எழுதிய கேக் ஒன்று, பெயர் வருவதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது.

தொப்பிகள் என் பொறுப்பு. பெயர் சொன்னதும் எடுத்துக்கொண்ட அணியின் தொப்பியைத் தலையில் வைத்துப் படம் பிடிக்க வேண்டும், அதுதான் வழக்கம். எந்த அணி எடுக்கும் என்று முன்கூட்டி யாருக்குத் தெரியும்? அதனால் என் சலூனுக்கு முடி பின்ன வருகிறவர்களையெல்லாம் நச்சரித்து, எல்லா அணியின் தொப்பியையும் கடன் வாங்கி, மேசை மேல் அடுக்கிவைத்திருந்தேன். நியூயார்க் தொப்பி மட்டும் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அதை யாரும் வாங்க மாட்டார்கள். வாங்கியிருந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

"அது எதுக்கு?" என்றார் ரோஸ்கோ மாமா. அம்மாவின் தம்பி, பேருந்து ஓட்டுநர். நியூயார்க்காரர்களிடம் எங்கள் இண்டியானா அணி தோற்ற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித்தனியாகத் துக்கம் காப்பவர். "அந்தத் தொப்பி இந்தக் கூடத்துக்குள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன். கோழியையும் எடுத்துட்டுத்தான் போவேன்."

"நீங்க கோழியை விட்டுட்டுப் போன சரித்திரமே இல்லயே மாமா," என்றான் கேலன். சிரித்தான். ஆனால் தட்டில் வைத்த எதையும் தொடவில்லை.

டிவியில் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் கூடம் மூச்சை இழுத்துப் பிடிக்கும், பிறகு விட்டுவிடும். அம்மா முன்வரிசையில் சொன்னபடியே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடும் காலணி அணிந்திருந்தாள்.

கேலனின் போன் அடித்தது. ஏஜென்ட் மார்ட்டி. கேலன் சமையலறைக்குள் போனான். நான் சும்மா இருப்பேனா, பின்னாலேயே போனேன். போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கையால் சாடை காட்டினேன்.

"கேலன், கவனமாக் கேளு, நேரம் இல்ல," என்றார் மார்ட்டி. "மேற்குக் கடற்கரை டீம் ஒண்ணு உன்னை எடுக்கறேங்குது. இன்னும் கொஞ்ச நேரத்துல அவங்க முறை வந்துடும்."

நான் கத்திவிட்டேன்.

"குதிக்காத லட்ரீஸ். நீ அங்கதான் இருப்பேன்னு எனக்குத் தெரியும்," என்றார் அவர். "முழுசாக் கேளுங்க. உன் இடத்துல ஆடறதுக்கு அவங்ககிட்ட ஏற்கெனவே மூணு பேரு இருக்கான். உன்னை எடுத்து வச்சுக்கிட்டு, போய் ஐரோப்பால ரெண்டு வருஷம் ஆடிட்டு வான்னு சொல்றாங்க. எடுத்துட்டா நீ அவங்க ஆளு. இந்த லீக்ல வேற எவனும் உன்னைத் தொட முடியாது."

"வேற யாரும் கேக்கலயா?" என்றான் கேலன்.

"கேக்கறாங்க. நியூயார்க். ஆனா அவங்களுக்கு இனிமே முறை கிடையாது. உன்னை யாரும் எடுக்காம விட்டா, டிராஃப்ட் முடிஞ்ச கையோட இருவழி ஒப்பந்தம் தர்றாங்களாம். பாதி நாள் பெரிய டீமு, பாதி நாள் அவங்களோட சின்ன டீமு. அவங்க பாயின்ட் கார்டு, அதான் உன் இடத்துல ஆடறவன், முழங்கால்ல ஆபரேஷன் பண்ணிட்டுப் படுத்திருக்கான். உன்னைக் களத்துல இறக்கித்தான் ஆகணும். நீ சரின்னா, மேற்குக் கரைக்குப் போன் போட்டு உன் பேரைச் சொல்லாதீங்கன்னு சொல்லிடறேன். வர மனசில்லாதவனை எடுத்து அவங்க என்ன பண்ணப்போறாங்க?"

"நியூயார்க்காரன் எழுதிக் குடுத்தானா?" என்று கேட்டேன்.

"வாய் வார்த்தைதான் லட்ரீஸ். டிராஃப்ட் முடியறதுக்கு முன்னால எழுத முடியாது. சீக்கிரம் சொல்லுங்க."

இத்தனை வருடம் ஓடி ஓடி ஒரு பையன் தன் பெயர் வரும் வாசல்வரை வந்துவிட்டான். வந்த பிறகு, தயவுசெய்து என் பெயரைச் சொல்லாதீர்கள் என்று கேட்பதா?

"பைத்தியமா உனக்கு?" என்றேன் கேலனிடம், அவன் இன்னும் வாயே திறக்காதபோது. "டிவில பேர் வரும்டா! அம்மா அங்க காலை நீட்டி உக்காந்திருக்கா. நியூயார்க்காரன் கடைசி நேரத்துல கையை விரிச்சா? பேரும் போச்சு, டீமும் போச்சு."

"ஐரோப்பாக்குப் போனா திரும்பக் கூப்பிடுவாங்கன்னு என்ன நிச்சயம், ட்ரீஸ்? எனக்கு முன்னால போன எத்தனை பேரை மறந்தே போயிட்டாங்க."

"அம்மா?"

அவன் குளிர்பெட்டி மேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். எனக்கு இப்போது நினைத்தாலும் அவன்மேல் பாவமாக இருக்கிறது. அப்போது பாவமாக இல்லை, கோபம்தான் வந்தது.

"சரி மார்ட்டி," என்றான். "அம்மாவுக்காக மேற்குக் கரைக்கே..."

"எனக்காக என்னது?"

காலி தேநீர் ஜாடியோடு அம்மா வாசலில் நின்றாள். மூன்று பேரும் ஒரே சமயத்தில் பேசினோம். அம்மா ஜாடியைக் கீழே வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் செய்வதுபோல் கையைத் தூக்கினாள். அடங்கினோம். மார்ட்டி முதலிலிருந்து ஒருமுறை சொன்னார். அம்மா முழுவதும் கேட்டாள்.

"எந்த டீம்ல உன்னை ஆட விடுவாங்க?" என்றாள் கேலனிடம்.

"நியூயார்க்ல."

"அப்புறம் என்ன யோசனை?"

"பேரு வராதும்மா. நீ இதுக்காக எத்தனை வருஷமா..."

"பேரைக் கேக்கறதுக்கா உன்னை விடியறதுக்கு முன்னால எழுப்பி ஜிம்முக்குக் கூட்டிட்டுப் போனேன்? ஆடறதுக்குடா." போனை எடுத்து அவன் கையில் அழுத்தினாள். "நீயே சொல்லு. உன் வாயால சொல்லு. நாளைக்கு அம்மா சொன்னா, அக்கா சொன்னாங்கற பேச்சு இருக்கக் கூடாது."

கேலன் போனைப் பார்த்தான். "மார்ட்டி, என் பேரைச் சொல்ல வேண்டாம்னு சொல்லிடுங்க," என்றான்.

"நல்லது. வெளியில யாருக்கும் மூச்சு விடாதீங்க. கசிஞ்சா காரியம் கெட்டுடும்."

அம்மா ஜாடியை நிரப்பிக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுத்து நடந்ததை என்னால் மறக்க முடியாது. கூடம் முழுக்க ஒவ்வொரு பெயருக்கும் மூச்சைப் பிடிக்கிறது. வராது என்று தெரிந்த அம்மாவும் அவர்களோடு சேர்ந்து பிடிக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி அம்மாவின் தோளைப் பிடித்து, "இப்ப வரும் பாரு வெர்னெல், இப்ப வரும்," என்கிறாள். அம்மா தலையாட்டுகிறாள். மேற்குக் கரை அணியின் முறை வந்தது. வேறு யாரோ ஒரு பையனின் பெயரைச் சொன்னார்கள். அம்மா கை தட்டினாள்.

"எதுக்குத் தட்டற?" என்று அவள் காதில் சீறினேன்.

"அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாடி. இப்ப அழுதுட்டிருப்பா."

கடைசிப் பெயரும் வந்தது. கேலன் இல்லை. ரோஸ்கோ மாமா எழுந்து டிவியை அணைத்தார். டிவியைத் தவிர அடிக்க ஆள் கிடைக்காதவர்போல் அதை முறைத்துக்கொண்டு நின்றார். கேக்கை வெட்டலாமா வேண்டாமா என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. ஒவ்வொருவராக அம்மாவிடம் வந்து கையைப் பிடித்தார்கள். "கோழி நிறைய இருக்கு, சாப்பிட்டுப் போங்க," என்று எல்லோருக்கும் அதையே சொன்னாள்.

கேலன் சமையலறை வாசலில் போனைப் பிடித்தபடி நின்றான். போன் அடிக்கவில்லை. டிராஃப்ட் முடிந்த கையோடு என்றானே நியூயார்க்காரன், எந்தக் கையோடு? மார்ட்டியை மனதுக்குள் திட்டினேன். நியூயார்க்கைத் திட்டினேன். அந்த ஊர் பாலங்களைக்கூட விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஜூன் மாத வெயில் இன்னும் இருந்தது. சிலர் கார் சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

போன் அடித்தது.

கேலன் காதில் வைத்தான். "ஆமாங்க," என்றான். "சரிங்க." பிறகு, "வர்றேங்க. நாளைக்கே வர்றேன்," என்றான். போனை வைத்துவிட்டு அப்படியே சுவரோடு சறுக்கித் தரையில் உட்கார்ந்தான். கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து அம்மாவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான்.

அம்மா எழுந்தாள். பாவாடையை நீவிக்கொண்டு மேடைக்கு நடந்தாள். போதகரின் மைக்கை இரண்டு தட்டு தட்டினாள்.

"ஒரு அறிவிப்பு," என்றாள். கார் விளக்குக் குரல். "டிராஃப்ட் முடிஞ்ச பிறகு என் மகனுக்கு ஒரு டீம்ல இடம் கிடைச்சிருக்கு. நியூயார்க்ல."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு கூரை பிய்ந்துகொண்டு போகிற சத்தம். அந்தச் சத்தத்துக்குள் ரோஸ்கோ மாமாவின் குரல் தனியாகக் கேட்டது: "நியூயார்க்கா? கடவுளே, வேற ஊரே உனக்குக் கிடைக்கலயா?" முகமெல்லாம் கண்ணீர் அவருக்கு. "நாளைக்குக் கடைக்குப் போறேன். தொப்பி வாங்கறேன். கறுப்புக் கண்ணாடி போட்டுட்டுப் போறேன், யாரும் அடையாளம் கண்டுக்கக் கூடாது." பிறகு தன் அக்காவைப் பார்த்துக் கத்தினார். "ஏ வெர்னெல்! பேரைக்கூடச் சொல்லலயே! ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் சொல்வியே, அப்படிச் சொல்லு!"

யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது, ஜிம்மில் செய்வதுபோல் காலால் தரையை உதைக்கத் தொடங்கினார்கள். கிழவிகள்கூட. தொப்பிகள் மேசையிலிருந்து ஒவ்வொன்றாக விழுந்தன. கேலன் தரையிலிருந்து எழுந்துகொண்டான்.

அம்மா மைக்கைப் பார்த்தாள். தண்ணீர் குடித்தாள். பிறகு அந்தக் குரல் வந்தது, அடிவயிற்றிலிருந்து, இருபது வருடம் மற்றவர்களின் பிள்ளைகளுக்கே கொடுத்த குரல்.

"பாயின்ட் கார்டு! ஆறடி ஒரு அங்குலம்! நம்ம ஹாலோவே! கே...லன்... ப்ரூவிட்!"

பெயரைக் கேட்டதும் ஆட்டக்காரன் ஓடி வர வேண்டும். அது பழக்கம், உடம்பிலேயே ஊறியது. சமையலறை வாசலிலிருந்து கேலன் ஓடினான். நாற்காலிகளுக்கு நடுவே இரண்டு பக்கமும் கைகள் நீண்டன, ஒவ்வொரு கையையும் அடித்துக்கொண்டே ஓடினான். என் கையையும் அடித்தான், எரிந்தது. பள்ளிக்கூட நாட்களில் அந்த வரிசையில் அம்மா நின்றதே இல்லை. மைக்கை விட்டு நகர முடியாது அவளுக்கு. இப்போது வரிசையின் கடைசியில் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையை விரித்து உயரத் தூக்கிக்கொண்டு, அவன் வந்து அடிக்கட்டும் என்று நின்றாள்.