ஆண்கள் அந்தப் பக்கம்

கமலாசனிக்கு அரண்மனை பார்க்கிற ஆசை ஒருநாளும் இருந்ததில்லை. எந்த ராசா எங்கே படுத்தெழும்பினால் அவளுக்கென்ன? இலங்கையில், முரசுமோட்டை ஊரில் வயலுக்கு நேரத்துக்குத் தண்ணீர் வந்தால் போதும். மகன் நிரோஜன்தான் விடாப்பிடியாக நின்று இந்தியாவுக்குக் கூட்டிவந்தான். மீனாட்சி அம்மனைக் கும்பிட்டாயிற்று. மதுரைக்கு வந்துவிட்டு திருமலை நாயக்கர் மகாலைப் பார்க்காமல் போகிறதா என்று வெயிலில் நடத்தியும் வந்துவிட்டான்.

இந்தக் கரிசனம் எதற்கென்று அவளுக்குத் தெரியாமலில்லை. அவனுக்குக் கனடா விசா கிடைத்து இரண்டு மாதமாகிறது. தாயின் வாயிலிருந்து ஒரு சொல்தான் பாக்கி. "நீங்கள் போ எண்டு சொன்னால்தான் போவன்" என்று ஒற்றைக்காலில் நின்றான். அவளோ மழை, மாடு, நெல்லு என்று கதையை மாற்றிக்கொண்டே இருந்தாள். புருஷன் போரில் செல்லடிபட்டுச் செத்துப்போனார். மூத்தவன் ஜெயந்தன் போர் முடிந்த கையோடு ஓமந்தைச் சோதனைச்சாவடியில் காணாமல் போனான். மிச்சமாக இருக்கிறவன் இவன் ஒருவன்தான்.

மகால் வாசலில் விடுமுறைக் கூட்டம். இரும்புக் கம்பிகளுக்கு நடுவே ஆட்கள் மெல்ல நகர்ந்தார்கள். பைகளைத் திறந்து பார்த்தார்கள். அதுவரைக்கும் கமலாசனி பேசாமல்தான் நின்றாள். காவலாளி கையை நீட்டி, "ஜென்ட்ஸ் எல்லாம் அந்தப் பக்கம் போங்க, லேடீஸ் இந்தப் பக்கம்" என்றான்.

நிரோஜன் அந்தப் பக்கம் திரும்பினான். அவள் அவனுடைய சட்டையைப் பின்னாலிருந்து எட்டிப் பிடித்தாள்.

"அம்மா, இது சும்மா செக்கிங். உள்ளுக்குப் போனால் ஒண்டாத்தான் நிப்பம்."

"அங்கால போகாதை."

"சனம் பாக்குது, அம்மா."

"பாக்கட்டும்."

பிடித்த பிடியில் சட்டையின் தையல் விட்டது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். காவலாளி பாவம், நல்ல மனுஷன். "ரெண்டு நிமிஷத்துல பையன் வந்துருவான்மா" என்று ஆறுதலாகத்தான் சொன்னான். அதைவிடக் கூடாத சொல்லை அவன் தேடினாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

கமலாசனி நிலத்தில் குந்திவிட்டாள். "அண்டைக்கும் இப்பிடித்தான் சொன்னவங்கள்!" என்று கத்தினாள். "ஐயா, இவன் ஒரு இயக்கத்திலையும் இருக்கேல்லை, சின்னப் பிள்ளை. இந்தாங்கோ, அடையாள அட்டை இருக்கு, பாருங்கோ." கைப்பையைக் கவிழ்த்து இலங்கை அட்டையை எடுத்து நீட்டினாள். மதுரைக் காவலாளிக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான்.

நிரோஜன் அவளைத் தூக்கி மதில் நிழலுக்குக் கொண்டுவந்து இருத்தினான். தண்ணீர் பருக்கினான். உள்ளே தூண்களை இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கை எட்டாதாம். பார்த்துவிட்டு வந்தவர்கள் சொல்லிக்கொண்டு போனார்கள்.

தண்ணீர்ப் போத்தலை அவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் கேட்டாள். "அண்ணாவை ஓமந்தையிலை பிடிச்சுக்கொண்டு போனவங்கள் எண்டுதானே உனக்குச் சொன்னனான்?"

"ஓம்."

"பிடிக்கேல்லையடா. இயக்கத்திலை ஒருநாள் இருந்தவையும் வந்து பதியுங்கோ, கெதியா விடுவம் எண்டு ஆமிக்காரங்கள் ஒலிபெருக்கியிலை சொன்னவங்கள். அவனை இயக்கக்காரர் கட்டாயமாக் கொண்டுபோய் இருபது நாள் வைச்சிருந்தவை. 'அம்மா, நான் போகேல்லை' எண்டு என்ரை காலடியிலையே இருந்தவன். ஒளிச்சுப் பிறகு பிடிபட்டால் கூடாதெண்டு நான்தான் எழுப்பி, 'போ தம்பி, போய்ப் பதிஞ்சுபோட்டு வா' எண்டு முதுகிலை கைவைச்சுத் தள்ளிவிட்டனான்."

பதினான்கு வருடமாக இந்தத் தாய் மூத்தவனின் படத்தைத் தூக்கிக்கொண்டு, எங்கே என் பிள்ளை என்று, காணாமல் போனவர்களின் தாய்மாரோடு கிளிநொச்சித் தெருவில் நின்றிருக்கிறாள். பக்கத்தில் நிரோஜனும் நின்றிருக்கிறான். ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வி அவளையே திரும்பிக் குத்தியிருக்கிறது. அதை இன்றைக்குத்தான் அவன் அறிந்தான்.

"நான் கனடாவுக்குப் போகேல்லை, அம்மா" என்றான்.

கமலாசனி சட்டென்று அவனுடைய வாயை உள்ளங்கையால் பொத்தினாள்.

"அந்தச் சொல்லைச் சொல்லாதை. அவனும் அதைத்தான் சொன்னவன்."

பொத்திய கையை அவள் எடுக்கவில்லை.

"உன்னை மறிச்சு வைச்சிருக்கவும் எனக்குப் பயமாக் கிடக்கு. போ எண்டு சொல்லவும் வாய் வராது. நான் வயலுக்குப் போன நேரமாப் பாத்து, என்னட்டைச் சொல்லாமல் போயிடு, ராசா."