ஹோப்லாண்டின் மௌனம்

பெர்கன் நகர நாடக அரங்கில் மேடையின் முன்விளிம்பில் ஒரு சிறு குழி உண்டு. இருபத்தெட்டு வருஷமாக அதில் உட்கார்ந்து, நடிகர்கள் மறந்த வசனத்தை எடுத்துக் கொடுப்பது குன்வோரின் வேலை. சிவெர்ட் ஹோப்லாண்டுக்கு மட்டும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அது அவரே போட்ட சட்டம். நடிகரும் அவர், இயக்குநரும் அவர். பிறகு கேட்பார் யார்?

வசனத்தின் நடுவே சட்டென்று நிறுத்துவார்; ஊரே மூச்சடக்கிக் காத்திருக்கும். "நான் நிறுத்தினா நடிக்கிறேன்னு அர்த்தம். அப்ப குழிக்குள்ளேர்ந்து எவளாவது வாயைத் திறந்தா நேரா வீட்டுக்குப் போகலாம்" என்பார். ஒருத்தியை அனுப்பியும் இருக்கிறார். அவள் இடத்துக்கு வந்தவள்தான் குன்வோர்.

அந்த மௌனத்தின் சூட்சுமம் குன்வோருக்குத் தெரியும். மௌனத்தை நடிக்கும்போது அவருடைய இடது கட்டைவிரல் சுட்டுவிரலைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்; அது நின்றால் நிஜமாகவே மறந்துவிட்டார்.

மேடையேறி நாற்பது வருஷமானால் நடிகர் தனக்குப் பிடித்த வேஷத்தைக் கேட்டு வாங்கலாம் என்பது அங்கே வழக்கம். அவர் கேட்டது ஒரு கிழட்டுக் கப்பல் தலைவன் வேஷம். ஒத்திகையில் விரல் பல தடவை அசையாமல் நின்றது. குன்வோர் அவரிடம் போனாள்.

"தடுமாறினா லேசா இருமுங்களேன், நான் பாத்துக்கறேன்."

"நான் இருமினா முதல் வரிசை பூரா இருமல் மருந்தோட எந்திரிச்சு நிக்கும். நம்மூரு மழைக்கு எல்லார் பையிலயும் இருக்கு. போ, உன் குழிக்குப் போ."

நாடகம் அரங்கேறிய முதல் நாள், இரண்டாம் அங்கத்தில் அவர் வசனத்தை நிறுத்தினார். விரல் அசையவில்லை. வேலை போனால் போகட்டும் என்று குன்வோர் வசனத்தைச் சொன்னாள். அவர் திரும்பவில்லை. உரக்கச் சொன்னாள். மூன்றாம் தடவை முதல் வரிசையில் ஒரு தொப்பிக்காரி குழிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். கடைசியில் மனைவியாக நடித்த போர்கில்ட் அவருடைய வசனத்தைத் தன்னுடையதாகச் சொல்லி நாடகத்தை நகர்த்தினாள்.

'இப்படியொரு மௌனத்தை இந்த மேடை கண்டதில்லை' என்று எழுதியது மறுநாள் பத்திரிகை.

ஹோப்லாண்ட் பூங்கொத்தோடு குன்வோரைத் தேடி மேடைக்கு வந்தார். மறு கையில் அடுத்த வருஷ வேஷப் பட்டியல்.

"நேத்து நிஜமாவே மறந்துட்டேன், குன்வோர். நீ வாயைத் திறக்காம இருந்த பாரு, அதான் மானம் தப்பிச்சுது. அடுத்த வருஷம் எனக்கு ரெண்டு வேஷம் போட்டிருக்கேன்."

பூவை வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அடுத்த வருஷம் மேடையிலிருந்து அவமானப்பட்டு அவர் இறங்குவதைப் பார்க்க அவளால் முடியாது. அவர் முகத்துக்கு நேராக நின்றாள்.

"நான் சொன்னேன். மூணு தடவை."

அவர் சிரிப்பு நின்றது. "முதல் வரிசைக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"யாரும் ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சொல்ல மாட்டாங்க. நாப்பது வருஷமா பாத்த ஜனங்க."

அவர் மேடை விளிம்பில் உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் அவள் கண் அவர் விரலுக்குப் போயிற்று. அது அசையவில்லை.

தலை நிமிராமல், பட்டியலில் தன் பெயர் இருந்த பக்கத்தை மடியில் விரித்தார். "பென்சில் இருக்கா?"

"இருக்கு" என்றாள்.

அவர் குனிந்தபடியே பதிலுக்குக் காத்திருந்தார். குன்வோர் அருகே போய், காதோரம், உரக்க, இன்னொரு தடவை சொன்னாள்.