மெய்யெழுத்து

‘மூத்த’ வரைக்கும் அச்சுக் கோத்துவிட்டாள் வடிவு. அடுத்த எழுத்துக்குக் கை போகவில்லை.

அம்பத்தூரில் அந்தச் சின்ன அச்சகம் அவளுடைய அக்கா பார்வதத்துடையது. விடியற்காலையில் மாரடைப்பில் அவர் போய்விட்டார். மூன்று மணிக்கு எடுக்க வேண்டும்; அதற்குள் நூறு சாவு நோட்டீஸ் அடித்து ஒட்டியாக வேண்டும்.

“இன்னா யோசிச்சிகினு கீற? மகள்னு போடு,” என்றான் அண்ணன் கஜபதி.

“வேணாண்ணா. அக்கா ஒத்துக்காது.”

“எந்திரிச்சு வந்து சொல்லுமா? ஆம்பளையுமில்ல பொம்பளையுமில்லன்னு புக்கு போட்டு ஊரே சிரிச்சுது. சாவுலயாவது மானமா போவட்டும்.”

வீட்டில் அக்காவின் சட்டையைக் கழற்றிப் பட்டுப்புடவை சுற்றியாகிவிட்டது. கிராப்புத் தலையில் பூ நிற்காமல், ஊசியால் குத்தி வைத்திருந்தார்கள்.

அந்த ‘புக்கு’ பெண்களுக்கான பத்திரிகை. பெயர் ‘புதுவரி’. 1984-லிருந்து ஏழு வருடம், இருநூறு பிரதி. பிறந்ததும் பிள்ளையை எழுதிக்கொள்ள ஏன் ஆண், பெண் என இரண்டே கட்டங்கள் என்று முதல் இதழிலேயே பார்வதம் கேட்டிருந்தார். அவன், அவள் என்ற சொற்கள் அதில் வராது, எல்லோரும் ‘அவர்’தான். எல்லா இதழையும் கோத்தவள் வடிவு.

நோட்டீஸில் ‘காலமானார்’ தொல்லை தரவில்லை. அது எல்லோருக்கும் பொது. ‘மகள்’தான் சிக்கல்.

ம, க, ள். மூன்றையும் வைத்தாள். ஈய எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறியிருக்கும். பழகாதவருக்குப் படிக்க வராது. கஜபதி குனிந்து பார்த்தான். “சரியா கீதா?” என்று அவளையே கேட்டுவிட்டுப் பந்தல்காரரைப் பார்க்கப் போனான்.

வடிவு இடுக்கியால் ள்-ஐ உருவினாள். அங்கே ஒரு வெற்று ஈயத் துண்டைச் செருகினாள். அது எழுத்தைவிடக் குள்ளம். மை உருளை அதைத் தொடாமல் போய்விடும், தாளில் அந்த இடம் வெள்ளையாக நிற்கும். மகன், மகள் இரண்டிலும் கடைசி எழுத்தை எடுத்தால் மிஞ்சுவது மக. பழைய தமிழில் அதற்குப் பிள்ளை என்றுதான் பொருள். ஆணா பெண்ணா என்று சொல்லாது.

மூத்த மக பார்வதம் காலமானார். கால்மிதி அச்சு இயந்திரத்தில் நூறு தாளும் அடித்து முடித்தாள். சைக்கிள் கடை தங்கவேல் பசை வாளியோடு வந்து வாங்கிப்போனார்.

மூன்று மணிக்குப் பாடை கிளம்பியது. பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். கூட்டத்திலிருந்து தங்கவேல் விலகி வடிவிடம் வந்தார். கண் சிவந்திருந்தது.

“வடிவும்மா, நோட்டீஸ்ல ஒரு எழுத்து உழுந்துட்டுது. அழுதுகினே கோத்திருப்ப, பாவம். ஒட்டுன பெறவுதான் பார்த்தேன். நம்ம அக்கா நோட்டீஸ்ல தப்பு இருக்கலாமா? ஸ்டேஷன் வரைக்கும் ஒண்ணு உடாம நானே பேனால போட்டுட்டேன்.”

“சரிண்ணே,” என்றாள் வடிவு.

எதிர்ச்சுவரிலும் ஒரு நோட்டீஸ் இருந்தது. விட்டிருந்த இடத்தில், அளவு பிசகாமல், நீல மையில் ள். புள்ளியைக்கூட அவர் மறக்கவில்லை.