யார் காலும் படாத மணல்

தீவில் சீப்புக்காரன் அழித்த காலடித் தடங்கள் எல்லாம் காலை ஆறு மணிக்குள் கடல் தாண்டி அவன் சொந்த ஊர் வீட்டு நடுக்கூடத்தில் வந்து விழுந்துவிடும். ஈர மணலோடு விழும். அவன் வேலையில் சேர்ந்த இரண்டாம் வாரம் தொடங்கி ஒன்பது வருஷம் ஒரு நாள் விடாமல் இது நடந்தது. மழைக்காலத்தில் மட்டும் மணல் கொஞ்சம் கட்டியாக வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தத் தீவில் ஊர் என்று ஒன்று கிடையாது. கடலுக்கு முகம் காட்டி ஓர் உல்லாச விடுதி, அதன் முதுகில் ஜெனரேட்டர், ஜெனரேட்டரின் முதுகில் வேலைக்காரர்கள். பதினாறு கட்டில் போட்ட ஓர் அறை. அதற்கு ஒரே ஜன்னல், அதுவும் ஜெனரேட்டரின் புகைக்குழாயைப் பார்த்தபடி. வாரத்துக்கு ஒரு படகு வரும். விருந்தாளிகளை இறக்கும், விருந்தாளிகளை ஏற்றும். வேலைக்காரர்களின் பாஸ்போர்ட் எல்லாம் மேலாளரின் இரும்பு அலமாரியில் பத்திரமாக இருந்தது. பத்திரம் என்பது மேலாளரின் வார்த்தை.

விடுதியின் விளம்பரத்தில் 'யார் காலும் படாத மணல்' என்று போட்டிருந்தது. அதை நம்பித்தான் உலகத்தின் மறுகோடியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நேற்று நூறு பேர் மிதித்துத் துவைத்த கரை, இன்று காலை அவர்களே எழுந்து வந்து பார்க்கும்போது கன்னி கழியாமல் இருக்க வேண்டும். அந்த அதிசயத்தைத் தினமும் செய்து கொடுத்தவன் சீப்புக்காரன். ஊரில் கல்குவாரியில் பாறை உடைத்தவன். ஒரு கல் உருண்டு இடது கால் இரண்டாம் விரலைக் கொண்டுபோன பிறகு, 'கடலோரம், லேசான வேலை' என்று ஏஜென்ட் சொன்னதைக் கேட்டுப் படகேறினான். ஓர் ஆள் உயரக் கம்பின் நுனியில் குறுக்குக்கட்டை, கட்டையில் முப்பது இரும்புப் பல். அதற்குச் சீப்பு என்று பெயர். அதைப் பிடித்தவனுக்குச் சொந்தப் பெயர் எதற்கு?

விடியும் முன் கரையின் மேற்கு முனையில் தொடங்கி, பின்பக்கமாக நடந்தபடி சீப்பைத் தன்னை நோக்கி இழுத்து இழுத்து வர வேண்டும். அப்படி வந்தால் விருந்தாளியின் தடமும் போகும், தன் தடமும் போகும். ஒன்றே கால் மைல். சீப்பைப் பின்னால் விட்டுவிட்டு முன்னால் பார்த்து இழுத்துக்கொண்டு போனாலும் தடம் அழியத்தான் செய்யும், இடுப்பு வலியும் பாதி குறையும். ஆனால் மேஸ்திரி விடமாட்டான். மேஸ்திரி நம் ஆள்தான், நம் பேச்சுப் பேசுகிறவன். நான்கு வருஷம் முந்தி வந்ததால் சட்டையில் காலர் கிடைத்தவன். முதல் நாளே சொல்லிவிட்டான்.

"உழவு மாடு மாதிரி இழுத்துட்டுப் போகாத. எவனாவது வெள்ளனே எழுந்து பாத்தா அசிங்கமா இருக்கும்."

"ஆளு பின்னால நடந்தா மட்டும் அழகா இருக்குமாண்ணே?"

"அது ஸ்டைலு. உனக்குப் புரியாது."

வீட்டில் வந்து விழுந்த தடங்களைப் பார்த்து அவன் மனைவி முதலில் திருடன் என்றுதான் நினைத்தாள். ஆனால் திருடன் ஜோடி ஜோடியாக வரமாட்டான், குழந்தையை நொண்டியடிக்க விட்டுக் கூட்டி வரமாட்டான். ஒரு பெருத்த காலுக்குச் சொந்தக்காரன் இருபது நாள் தொடர்ந்து அடுக்களை வரை போய் அலமாரி எதிரில் நின்றுவிட்டுத் திரும்பினான். ஒருநாள் பீரோவுக்கு முன்னால் ஓர் இதயமும் அம்பும், இரண்டு பக்கமும் ஏதோ எழுத்தும் விழுந்து கிடந்தன. அன்று வெள்ளிக்கிழமை, அவன் போன் பேசும் நாள்.

"யாரு அவ?" என்றாள்.

"எவ?"

"மணல்ல பேரு எழுதி அம்பு விட்டீங்களே, அவ."

அவன் அதிகாலையில் ஐந்தாம் குடிலுக்கு எதிரே அதே இதயத்தைச் சீவி எறிந்துவிட்டு வந்திருந்தான். தேனிலவு ஜோடி எழுதியது. அடையாளம் சொன்னான். நொண்டியடித்த குழந்தையையும் பெருத்த காலையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள், எல்லாம் பொருந்தியது. "ஓ, அப்படியா" என்று இருவரும் சொல்லிக்கொண்டார்கள். பிறகு காஸ் சிலிண்டர் தீர்ந்த விஷயத்தைப் பேசினார்கள்.

அந்தத் தடங்களுக்கு நடுவே இரண்டாம் விரல் இல்லாத இடது கால் ஒன்றும் தினமும் இருந்தது. விரல்கள் உள்பக்கம் பார்க்க, வாசலிலிருந்து அடுக்களைச் சுவர் வரை ஒரே நேராக. அவர் தினமும் வருகிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். மற்ற மணலைப் பெருக்கித் தள்ளுவாள், அந்தக் காலை மட்டும் மத்தியானம் வரை விட்டுவைப்பாள். தடம் முடிகிற இடத்தில் ஒரு தட்டில் சோறு வைத்து எடுப்பாள். அவன் போகும்போது தொட்டிலில் கிடந்த மகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போனாள். அப்பா எங்கே என்று டீச்சர் கேட்டதற்கு, "டெய்லி காலையில வருவாரு, நாங்கதான் தூங்கிட்டு இருப்போம்" என்று சொன்னாள்.

மணலைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஜீவன் அவளுடைய அண்ணன். அவன் கொத்தனார். மணல் இன்று விற்கிற விலையில், கூப்பிடாமல் வீட்டுக்குள் வந்து விழுகிற மணலைப் பெருக்கிக் குப்பையில் கொட்டுகிறாளே என்று தங்கையைத் திட்டிவிட்டு, அதைச் சாக்கில் கட்டி வைத்தான். மூன்றாம் வருஷம் அதைக் கொண்டே அந்த வீட்டுக்கு மாடி எழுப்பினான். கடல் மணல் கட்டடத்துக்கு ஆகாது என்று இருபது வருஷக் கொத்தனாருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். சும்மா வந்த மணல் என்றதும் அந்த அறிவு கழன்று விழுந்துவிட்டது. மாடிச் சுவர் காயவே இல்லை. அடித்த ஆணி வாரத்தில் துருவாகக் கொட்டியது. பூச்சு, வெயிலில் தோல் உரிகிற மாதிரி உரிந்தது. தீவில் கடல் ஏறும் நேரத்துக்கு இங்கே சுவர் வேர்த்தது. அதற்குள் ஆள் படுக்க முடியாது, துணி காயப்போட முடியாது. ஆனால் தெருவிலிருந்து பார்த்தால் மாடி வீடு. தெருவும் அப்படியே கூப்பிட்டது: மாடி வீட்டுக்காரி.

இரண்டே வருஷம் என்று சொல்லிப் போனவன் ஒவ்வொரு வருஷமும் லீவு கேட்டான். ஒரு முறை மேஸ்திரி கரையின் ஒரு துண்டுக்கு மட்டும் அவனுக்குப் பதிலாகச் சலவைக்காரனிடம் சீப்பைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தான். சலவைக்காரன் ஒரே ஒரு குதிகாலை விட்டுவிட்டான். ஒரு விருந்தாளி அம்மாள் அந்தக் குதிகாலைப் பார்த்து மனம் உடைந்து, அடுத்த படகிலேயே வேறு தீவுக்குப் போனாள். அதோடு லீவுப் பேச்சு முடிந்தது. இவ்வளவு சுத்தமாகத் தன்னையே அழித்துக்கொள்ளத் தெரிந்த ஆளை யார் விடுவார்கள்? வருஷக் கடைசியில் 'சிறந்த ஊழியர்' என்று ஒரு காகிதத்தைக் கொடுத்தார்கள். அதில் பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள்.

எட்டாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, இடுப்பு வலியைப் பற்றிப் பேசும்போது, தான் பின்பக்கமாக நடப்பதை அவன் வாய்தவறிச் சொன்னான். அன்று இரவு அவள் அலாரம் வைத்துப் படுத்தாள். மறுநாள் ஐந்து மணிக்கே எழுந்து கூடத்து மூலையில் உட்கார்ந்து பார்த்தாள். முதல் தடம் அடுக்களைச் சுவரோரம் விழுந்தது. அடுத்தது அதற்குப் பின்னால். அப்படியே ஒவ்வொன்றாகப் பின்வாங்கி, நிலைப்படி தாண்டி வெளியே போனது. இத்தனை வருஷமும் அவள் தட்டு வைத்தது வருகிற காலுக்கு இல்லை, போகிற காலுக்கு. அன்றிலிருந்து சீக்கிரம் எழுவதை விட்டாள். தட்டு வைப்பதையும் விட்டாள்.

ஒன்பதாம் வருஷம் அண்ணன் வந்து, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் பாக்கி இருப்பதை நினைவூட்டினான்.

"மாப்ளைய இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்லு. சுவரு முடிஞ்சிரும்."

"அழுவுற சுவருக்கு இன்னொரு சுவரு துணையாண்ணே?"

"தெருவுல ஒரு மதிப்பு வேணாமா?"

"அந்த மதிப்புக்குள்ள நீ போயி ஒரு ராத்திரி படுத்துட்டு வா. அப்புறம் பேசலாம்."

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் போனில் அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. "தெனமும் என் வீட்டுக்குள்ளேருந்து பின்னாலேயே நடந்து வெளிய போயிட்டிருக்கீங்க. பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு. நாளைக்கு ஒரு நாளு முன்னால பாத்து நடங்க" என்றாள்.

"மேஸ்திரி மாடுங்கறான்."

"மாடாவது சாயங்காலம் வீட்டுக்கு வரும்."

சனிக்கிழமை அவன் கிழக்கு முனையில் தொடங்கினான். சீப்பின் கம்பைத் தோளுக்கு மேல் போட்டு, இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து, முன்னால் பார்த்து இழுத்தான். மேஸ்திரி வராந்தாவிலிருந்து அதைப் பார்த்துச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவருவதற்குள் பாதிக் கரை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு மேஸ்திரி பார்த்தது முப்பது பல் கீறிய கோடுகளைத்தான். அவை நேராகப் போய், மேற்கு முனையில் கிடந்த சீப்பில் முடிந்தன. ஆளும் இல்லை, தடமும் இல்லை. கடலில் தேடினார்கள். படகுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. கடைசியில், முன்னறிவிப்பு இல்லாமல் வேலையை விட்டதாகக் கடிதம் அடித்தார்கள். அதை அவனுடைய பதினாலாம் நம்பர் கட்டிலிலேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

அவள் அன்று ஐந்து மணிக்கே கூடத்து மூலையில் இருந்தாள். முதல் தடம் நிலைப்படியில் விழுந்தது. அடுத்தது அதற்கு முன்னால். விரல்கள் உள்பக்கம், இடது காலில் ஒன்று குறைவு. பார்ப்பதற்கு எல்லா நாளும் இருப்பது போலத்தான் இருந்தது. அடுக்களைச் சுவரோரம் விழுந்த கடைசி இரண்டு தடங்களில் மட்டும் கால் இருந்தது, காலுக்கு மேல் அவனும் இருந்தான். தலை நரைத்து, கை இன்னும் கம்பைப் பிடித்த மாதிரியே மடங்கி. அவள் தட்டைத் தேடி எடுத்தாள். மகள் எழுந்து வந்து, முதலில் காலைப் பார்த்துவிட்டுப் பிறகு முகத்தைப் பார்த்தாள்.

பெட்டி இல்லாமல் வந்தவனைத் தெரு எட்டு மணிக்குள் விசாரித்து முடித்தது. பாஸ்போர்ட் இல்லாமல், படகும் இல்லாமல் எப்படி வந்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. என்ன கொண்டுவந்தான் என்றுதான் கேட்டார்கள். அண்ணன் காலிச் சாக்கோடு வந்து, "அப்ப நாளையிலேருந்து மணல், மாப்ள?" என்றான். மறுநாளிலிருந்து மணல் வரவில்லை. சீப்பை இப்போது வேறு ஒருவன் பிடித்திருக்கிறான். அந்த மணல் வேறு எங்கோ ஒரு கூடத்தில் விழுகிறது, அது அந்த வீட்டுக்காரியின் பாடு. மேலாளரின் அலமாரியில், பாஸ்போர்ட்டுக்குள், அவன் முகம் இன்னும் கறுத்த முடியோடு இருக்கிறது.

அன்று வந்த கடைசி மணலைப் பெருக்க அவள் குனிந்தபோது, அவன் விளக்குமாற்றை வாங்கிக்கொண்டான். அடுக்களைச் சுவரோரம் தொடங்கி, கூடத்தின் குறுக்கே, பழக்கதோஷத்தில் பின்பக்கமாகவே நடந்து பெருக்கிக்கொண்டு போனான். நிலைப்படி தாண்டும் இடத்தில் முதுகு எதிலோ முட்டியது. அவள் வாசலை அடைத்து நின்றிருந்தாள். தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டு, "இப்படிப் பெருக்குங்க" என்றாள்.