தேசிக்காயும் ஆறு சிலிண்டரும்

ஜூலை முதலாம் திகதி மொன்றியலில் பாதிச் சனம் வீடு மாறும். வில்லரேயில் கஜீவன் வாடகைக்கு எடுத்திருந்த பின்சந்துக் கராஜுக்கும் அன்றுதான் கடைசி நாள். உள்ளே ஒரு கார் நின்றது. கார் என்று அவன் மட்டும்தான் சொன்னான். மனைவி வித்தியாவின் அண்ணன் விமலநாதன் அதைக் கோழிக்கூடு என்றார்.

தொண்ணூறு வருடப் பழைய கார்க் கூடொன்றை வாங்கி, கூரையைத் தாழ்த்தி, அதற்குப் பொருந்தாத பெரிய எஞ்சினைப் பூட்டி, மூடி போடாமல் ஊருக்குக் காட்டிக்கொண்டு ஓடுவதற்கு ஹொட் ரொட் என்று பெயர். புவாண்ட்-கிளேரில் பண்டகசாலை ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் திருத்தும் கஜீவனுக்கு மூன்று வருடமாக அந்தப் பைத்தியம். எல்லோரும் பூட்டும் எஞ்சின் அவனுக்கு ஆகாது. கடதாசி ஆலையொன்றில் தண்ணீர் இறைத்த பழைய ஆறு சிலிண்டர் எஞ்சினை இரும்புக் கடையில் கண்டவன், அன்றே ஏற்றி வந்துவிட்டான். ஆலையில் அப்படி இரண்டு நின்றனவாம், ஒரே தண்டின் இரு முனையிலும் ஒன்றையொன்று பார்த்தபடி. ஒன்றுதான் விலைக்கு இருந்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டான். விட்ட காலை எடுக்கவும் இல்லை.

அந்த எஞ்சினை முதன்முதல் தரையில் வைத்து ஓடவிட்ட நாளில், வித்தியா வேலை முடிந்து வந்து அதன் முன்னால் நின்றாள். எங்கள் காரின் விசிறி காற்றை உள்ளே இழுக்கும், இது முகத்தில் ஊதுகிறதே என்று கேட்டாள். ஆலை எஞ்சின்கள் வெளியேதான் ஊதும் என்று கஜீவன் பெரிய மேதையாட்டம் விளக்கம் கொடுத்தான். பொய்யில்லை, பல எஞ்சின்கள் அப்படித்தான். பிறகு அந்த விசிறியைக் கழற்றி எறிந்துவிட்டு மின்விசிறி பூட்டினான். பேச்சும் அதோடு போயிற்று.

கராஜின் சொந்தக்காரர் காலி செய்யச் சொன்னதும் வித்தியா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். கார் தன் எஞ்சினில் தானே வாசலைத் தாண்டினால், பார்க் எக்ஸ்டென்ஷனில் அவர்கள் வீட்டின் பின்னால் நிற்கலாம். கட்டி இழுக்க வேண்டி வந்தால் நேரே இரும்புக் கடை. இந்த மாதம் முடிப்பேன் என்று சொல்லி அவன் தவறவிட்ட தவணைகளுக்குக் கணக்கில்லை, அவள் பக்கம் நியாயம் இருந்தது. கஜீவன் ஓம் என்றான். எஞ்சினையும் பின்சில்லுகளையும் இணைக்கும் தண்டை அவன் பூட்டி முடித்ததே முதல்நாள் மாலைதான்.

இலக்கத்தகடு இல்லாத காரை வீதியில் ஓட்டமுடியாது. ஆகவே விமலநாதன் இழுவை லொறியைக் கூப்பிட்டுச் சந்தின் முனையில் நிறுத்தியிருந்தார். அது எங்கே போவது என்பதுதான் மிச்சம்.

காரில் நம்பிக்கையே இல்லை என்று சொல்லித் திரிந்த வித்தியா, புது வாகனம் முதலில் நசித்துக்கொண்டு புறப்படவென்று கைப்பையிலிருந்து இரண்டு தேசிக்காய் எடுத்து முன்சில்லுகளுக்கு முன்னால் வைத்தாள். பெற்றோல் மணத்ததால் கற்பூரம் மட்டும் கொளுத்தவில்லை.

எஞ்சின் முதல் திருப்பிலேயே உறுமியது. கஜீவன் முதலாம் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டான். கார் பின்னால் பாய்ந்து பின்சுவரோடு நின்ற தட்டில் மோதியது. பெயின்ற் பேணிகள் பொலபொலவென்று விழுந்தன. கியர் மாறிவிட்டது என்று நினைத்து மறுபடி கவனமாக முதலாம் கியரைப் போட்டான். மறுபடியும் பின்னால்தான் போயிற்று. தேசிக்காய் இரண்டும் வைத்தது வைத்தபடி கிடந்தன.

விமலநாதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கஜீவன் எஞ்சினை நிறுத்தினான். காது இரண்டும் சுட்டன. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம். மூன்று வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் இரும்புக் கடைக்குப் போகப்போகின்றன என்று நினைக்க, உண்மையிலேயே அழுகை வந்தது.

வித்தியா வந்து யன்னலில் குனிந்தாள். அவள் சிரிக்கவில்லை.

“காத்து மாறி அடிக்குது எண்டு அண்டைக்குச் சொன்னனான் எல்லோ? இது மற்றப் பக்கம் சுத்துற எஞ்சின்போல.”

அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எதிரெதிராக நின்று ஒரே தண்டைச் சுழற்றினால் ஒன்று வலப்பக்கம் சுற்றும், மற்றது இடப்பக்கம் சுற்றியே ஆகவேண்டும். இரும்புக் கடைக்காரன் அவன் தலையில் கட்டியது அந்த மற்றதை. எஞ்சினை மறுபடி முடுக்கி, ரிவேர்ஸ் கியரைப் போட்டான். கார் முன்னால் நகர்ந்தது. தேசிக்காய் இரண்டும் நசிந்தன. ஆமைபோல ஊர்ந்து வாசலைத் தாண்டி வெயிலுக்கு வந்து நின்றது.

ரிவேர்ஸில் வந்தது கணக்கில் சேராது என்று விமலநாதன் வாதாடினார். கஜீவன் காரிலிருந்து இறங்கினான். வித்தியாவிடம் மறைக்காமல் சொன்னான்: பின்அச்சைக் கழற்றித் தலைகீழாகப் பூட்டிச் சில்லுகளை மற்றப் பக்கம் சுற்றவைத்தால்தான் இது ஒழுங்காக ஓடும், அதற்கு இன்னொரு குளிர்காலம் போய்விடும்.

லொறிக்காரன் எங்கே கொண்டுபோவது என்று பிரெஞ்சில் கேட்டான். வித்தியா தங்கள் வீட்டு விலாசத்தைச் சொன்னாள். பின்சந்தால் வரவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். பிறகு கஜீவன் பக்கம் திரும்பினாள்.

“அச்சைப் பூட்டி முடிய எனக்குச் சொல்லுங்கோ. இது ரிவேர்ஸுக்கு வைச்ச தேசிக்காய். முதலாம் கியருக்கு இன்னொருக்கா வைக்கவேணும்.”